எந்த ஸ்கேலுக்கு மெட்டு அடிப்பது? 24, 22, 31, ஆல்ஃபா, போலென்-பியர்ஸ்: ஒரே கிட்டாரில் கட்டிப் பார்த்த கணக்கு

கிட்டாரில் மெட்டுக் கம்பியை, அதாவது கழுத்தில் குறுக்கே பதிக்கிற ஃப்ரெட்டை, ஒருமுறை அடித்து இறக்கிவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் மனசு மாறினால் கழுத்துப் பலகையையே மாற்ற வேண்டியிருக்கும். கீபோர்டில் வாசிப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. சர்ஜ் எக்ஸ்.டி. மாதிரி இலவச சிந்தசைசர் ஒன்றை இறக்கிக்கொண்டு அதில் ஒரு ஸ்காலா கோப்பை (ஸ்கேலின் அளவுகளை எழுதிவைத்த கோப்பு) ஏற்றினால் போதும், பிடிக்கவில்லையென்றால் அடுத்த நிமிடம் வேறொன்று. ஸ்காலா தொகுப்பில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கேல்கள் இருக்கின்றன. மரத்தில் வாசிக்கிறவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பன்னிரண்டு ஸ்வரத்துக்கு வெளியே போகலாம் என்று முடிவுசெய்துவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த ஏழு மாதமாக நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

நாங்கள் மூன்று பேர். நான் கிட்டார், அத்தை பையன் கிளாரினெட், அவனுடைய சிநேகிதி வயலின். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெங்களூர் அல்சூரில் அத்தை வீட்டு மாடியில் கூடுவோம். கீழே அத்தை வீணைப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார், சரளி வரிசை படியேறி மேலே வரும், நாங்கள் செய்கிற எதையும் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்டாக வேண்டும். இது பின்னால் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. வயலினுக்கு மெட்டு இல்லை என்பதால் அவளுக்கு எந்த ஸ்கேலாக இருந்தாலும் சரி. "நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க, நான் வந்து சேர்ந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே கேள்வி கிட்டார் மரத்துக்கும் கிளாரினெட் துளைகளுக்கும் நடுவில்தான்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. ஒரு ஸ்தாயியை, அதாவது ச முதல் மேல் ச வரை உள்ள தூரத்தை, 1200 பங்காக்கி ஒரு பங்கை ஒரு சென்ட் என்று வைத்தவர் அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர், 1880களில். ஹார்மோனியத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவில் 100 சென்ட். சுத்தமான பஞ்சமம் ஷட்ஜத்திலிருந்து 702 சென்ட். தம்புராவை நன்றாக ஜீவாளி நூல் வைத்து மீட்டும்போது யாரும் வாசிக்காமலே காதில் விழுகிற அந்தர காந்தாரம், ஸ்தாயியைக் கழித்துப் பார்த்தால், 386. இந்த இரண்டு எண்களை மனசில் வைத்துக்கொண்டால் கீழே வருவதெல்லாம் புரியும்.

நான் செய்த முதல் காரியம் தப்பு. பளேபேட்டையில் வாங்கிய பழைய நைலான் கம்பி கிட்டார் ஒன்றை ரிப்பேர் பண்ணுகிறவர் ஒருவரிடம் கொடுத்து ஸ்தாயியை 22 சம பங்காக்கி மெட்டு அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு மெட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தேன். அவரும் அளவுகோலை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றாக அளந்துகொண்டே போனார். ஒவ்வொரு அளவிலும் கால் மில்லிமீட்டர் தவறினால் பதினைந்தாவது மெட்டுக்கு வரும்போது கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த இடத்தில் ஒரு மெட்டுக்கும் அடுத்ததற்கும் இருப்பதே சுமார் பதிமூன்று மில்லிமீட்டர்தான். மேலே போகப் போக எல்லாம் அபஸ்வரம். அந்தக் கழுத்து வீணாகிவிட்டது. அளவை எப்போதும் தலைப்பக்கத்து எலும்புப் பட்டையிலிருந்தே கொடுக்க வேண்டும், ஒவ்வொரு மெட்டுக்கும் தனித்தனியாக. இன்னும் நல்லது, ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சடித்து, கழுத்தின் மேல் ஒட்டியே கொடுத்துவிடுவது.

அதற்கப்புறம்தான் தங்கூஸ் நரம்பு யோசனை வந்தது. மெட்டெல்லாம் பிடுங்கி எடுத்து, பள்ளங்களை அடைத்து, வழவழவென்று தேய்த்த கழுத்தில், மீன் பிடிக்கிற தங்கூஸை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு இறுக்கி, மிச்ச முனையை ஊதுபத்தி நெருப்பில் காட்டினால் உருகிச் சின்ன மணியாக உட்கார்ந்துவிடும், முடிச்சு அவிழாது. கழுத்து உடம்பை நோக்கிப் போகப் போக அகலமாவதால், தலைப்பக்கமாகக் கட்டிவிட்டுக் கீழே தள்ளினால் தானாகவே இறுகும். கழுத்து உடம்பில் சேருகிற இடம் வரைக்கும்தான் இப்படிக் கட்ட முடியும், அதாவது ஒரு ஸ்தாயி. அதற்கு மேல் பல்குத்தும் குச்சியைத் தேவையான நீளத்துக்கு வெட்டிப் பசை போட்டு ஒட்டினேன். ஒரு ஸ்கேலை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கட்ட ஒரு மாலை நேரம் ஆகும். ஐந்து ஸ்கேல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வாரம்.

எல்லாவற்றையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்த்தேன்: தம்புரா. ஒரு கட்டைச் சுருதியில் (மேல்நாட்டுக் கணக்கில் C) ச-ப வைத்துவிட்டு அதன் மேல் வாசிப்பது. ஏன் தம்புரா என்று மேல்நாட்டு இசை கேட்டு வளர்ந்தவர்கள் கேட்கலாம். நம் காது அதில்தான் பழகியிருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஸ்கேலைப் பிடித்திருக்கிறது என்று சொல்வது என்னால் முடியாது. ஸ்கேல் தம்புராவோடு ஒத்துப்போக வேண்டும் என்றில்லை. ஒத்துப்போகாத இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் 24. இது எல்லாவற்றிலும் செலவு குறைந்தது, ஏனென்றால் இருக்கிற பன்னிரண்டு மெட்டை ஒன்றும் செய்யாமல், ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு புது மெட்டைச் சேர்த்தால் போதும், 50 சென்டுக்கு ஒன்று. 650 மில்லிமீட்டர் கம்பியில் முதல் மெட்டு 18.5 மில்லிமீட்டரில் விழும், விரல் தாராளமாக நிற்கும். பஞ்சமம் வழக்கமான 700தான். தம்புராவோடு இரண்டு சென்ட் குறைவு, ஒரு கட்டையில் இரண்டு நொடிக்கு ஒருமுறை மெல்ல ஒரு அலை, நாம் எல்லோரும் கீபோர்டில் சகித்துக்கொண்டு பழகிவிட்ட அலை. புதிதாகக் கிடைப்பது 150, 350 போன்ற நடு ஸ்தானங்கள். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கிற 350 அரபு இசையின் உயிர். லெபனானில் பிறந்த மிகாயில் மிஷாகா 19ஆம் நூற்றாண்டில் இந்த 24 பங்கை எழுத்தில் விளக்கினார், 1932-ல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில் அது சமமா சமமில்லையா என்று பெரிய விவாதமே நடந்தது.

நமக்கும் 24 அந்நியமில்லை. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் பக்கம் பக்கமாக வாதாடுவது இதற்குத்தான்: சுருதி 22 அல்ல, 24, அதுவும் சமமான 24 என்று. அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ஒரு சித்த வைத்தியர் சொந்தக் காசில் மாநாடு மாநாடாகக் கூட்டி, வித்வான்களை அழைத்து உட்காரவைத்து, வீணையில் மெட்டு மெட்டாக நிரூபிக்கப் பார்த்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும், பழைய பாட்டும் வாசிக்க வேண்டும், கூடவே கொஞ்சம் புதுசும் வேண்டும் என்பவர்கள் யோசிக்காமல் 24 எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மூன்றே வாரத்தில் தெரிந்த ஸ்வரம், நடு ஸ்வரம், தெரிந்த ஸ்வரம், நடு ஸ்வரம் என்று ஒரே மாதிரி ஆகிவிட்டது. பழைய வீட்டில் அறைகளுக்கு நடுவே தடுப்பு வைத்த மாதிரி. வீடு அதே வீடுதான்.

அடுத்து 22. இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலோர் வந்து விழுவார்கள், நானும் விழுந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நாட்டிய சாஸ்திரம் 22 சுருதி என்கிறது. சிலப்பதிகார உரையில் வருகிற கணக்கிலும் குரலுக்கும் துத்தத்துக்கும் நான்கு நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, விளரிக்கு மூன்று, தாரத்துக்கு இரண்டு என்று கூட்டினால் 22 அலகு. ஆகவே ஸ்தாயியை 22 சம பங்காக வெட்டிவிட்டால் நம் பாட்டன் காதில் கேட்டது அப்படியே வந்துவிடும் என்று தோன்றும். ஆங்கிலேயர் பொசன்கெட்டுக்கும் இதே எண்ணம் 1877-ல் வந்து, இந்திய ஸ்தாயிப் பகுப்பு என்று ராயல் சொசைட்டியில் எழுதினார்.

வராது. 22 சம பங்கில் ஒரு பங்கு 54.5 சென்ட். பஞ்சமம் பதிமூன்றாவது மெட்டில் 709, ஏழு சென்ட் அதிகம். தம்புராவுக்கு மேல் வைத்தால் இரண்டு நொடிக்கு மூன்று தடவை "ஊம் ஊம் ஊம்" என்று துடிக்கிறது. ரிஷபம் இன்னும் மோசம்: நான்கு பங்கு வைத்தால் 218, நமக்கு வேண்டிய சதுஸ்ருதி ரிஷபம் 204. பழைய நூல்கள் சொன்ன நான்கும் மூன்றும் இரண்டும் சமமான துண்டுகளின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ள அந்த நூல்களிலேயே இடமில்லை. இரண்டு வீணைகளை வைத்து, ஒன்றை மாற்றாமல், மற்றதைப் படிப்படியாக இறக்கி, எந்த ஸ்வரம் எதோடு வந்து சேர்கிறது என்று காதால் பிடிக்கிற சோதனை அது. அதில் அளவுகோலும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. தோடி காந்தாரத்தை எந்த மெட்டில் வைப்பீர்கள்? அது ரிஷபத்தைத் தொட்டு மத்யமத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு ஆடுகிற ஸ்வரம். பேகடா மத்யமமும் அப்படித்தான். அத்தை வீணையில் ஸ்தாயிக்குப் பன்னிரண்டே மெட்டு, மெழுகில் பதித்த 24 மெட்டில் இரண்டு ஸ்தாயி. கம்பியை இழுத்து அதில் அவர் எழுப்பாத சுருதி கிடையாது. நமக்கு வேண்டிய நுண்சுருதி விரலில் இருக்கிறது, மெட்டுக்கு மெட்டு அதை நிறுத்திவைத்தால் உறைந்து போகிறது. 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டபோது சொல்லப்பட்ட குறைகளில் இதுவும் உண்டு, கட்டையில் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வராது என்பது. அதற்கு மருந்து கட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் இல்லை. கர்நாடக ராகத்துக்காக மைக்ரோடோனல் கிட்டார் வேண்டும் என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து மெட்டே இல்லாத கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது இருக்கிற மெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குடைந்து கம்பியை ஆழமாக அழுத்தி வாசியுங்கள். 22-ஐ வேறொன்றுக்காக எடுக்கலாம்: அதன் கூட்டு ஸ்வரங்கள் (சேர்த்து மீட்டுகிற கார்டுகள்) காரமாக, பளிச்சென்று இருக்கும், காந்தாரம் 382, பரவாயில்லை. அது புது ஊர் என்று ஒப்புக்கொண்டு போனால் நல்ல ஊர்தான். பூர்வீகம் என்று பட்டா கேட்டுப் போகக் கூடாது.

31 பற்றிச் சுருக்கமாக. 1691-ல் டச்சு விஞ்ஞானி ஹாய்கன்ஸ் எழுதியது, அடுத்த நூற்றாண்டுகளில் மறந்துபோய், நெதர்லாந்து இயற்பியலாளர் ஃபோக்கர் 1950-ல் ஹார்லம் நகரில் 31 பங்கு ஆர்கன் ஒன்றை நிறுவினார். காந்தாரம் 387, அப்பழுக்கில்லாதது. பஞ்சமம் 697, ஐந்து சென்ட் குறைவு, தம்புராவோடு நொடிக்கு ஒரு அலை. கூட்டு ஸ்வரம் இனிமையாக வேண்டும், தம்புரா வேண்டாம் என்பவர்களுக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை. என் கிட்டாரில் முதல் மெட்டு 14.4 மில்லிமீட்டர், ஸ்தாயிக்குப் பக்கத்தில் ஏழு. என் விரலுக்கு முடியவில்லை. 53 பங்கு இன்னும் துல்லியம், பஞ்சமமும் காந்தாரமும் கிட்டத்தட்ட சுத்தம், துருக்கியில் பாடமே அதில்தான், ஆனால் ஸ்தாயிக்குப் பக்கத்தில் மெட்டுக்கு மெட்டு நாலு மில்லிமீட்டர், தங்கூஸ் கட்டவே இடமில்லை. கட்டிப் பார்க்கவே இல்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஸ்தாயி பத்திரமாக இருந்தது. ஸ்தாயியை எத்தனை துண்டு போடுவது என்பதுதான் சண்டை. ஸ்தாயியையே விட்டுவிட்டால்? அங்கேதான் எனக்கு விஷயம் சூடு பிடித்தது.

அமெரிக்க சிந்தசைசர் இசையமைப்பாளர் வெண்டி கார்லோஸ் 1980களில் வேறு பக்கத்திலிருந்து யோசித்தார். ஸ்தாயி சுத்தமாக வர வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டு, பஞ்சமமும் காந்தாரமும் சுத்தமாக வருகிற ஒரு துண்டு அளவைத் தேடினால் என்ன கிடைக்கும்? 78 சென்ட், 63.8 சென்ட், 35.1 சென்ட் என்று மூன்று கிடைத்தன. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயர் வைத்து 1986-ல் வந்த தன் இசைத் தொகுப்பில் வாசித்தும் காட்டினார். கிட்டாருக்கு ஆல்ஃபாதான் தோது. முதல் மெட்டு 28.6 மில்லிமீட்டர், ஒன்பதாவது மெட்டில் பஞ்சமம் 702, துளி பிசகில்லை, ஐந்தாவதில் காந்தாரம் 390. மூன்று ஸ்வரத்தைச் சேர்த்து மீட்டினால் கோயில் மணி அடித்து ஓய்கிற மாதிரி அப்படியே நிற்கிறது, தம்புரா அசையவில்லை. சரி, தாரஸ்தாயி ஷட்ஜம்? பதினைந்தாவது மெட்டு 1170, பதினாறாவது 1248. இரண்டும் இல்லை. பாட்டு மேலே ஏறி ஷட்ஜத்தில் உட்காரப் போகும்போது அங்கே நாற்காலி இல்லை. கிட்டாரில் இதற்கு ஒரு வழி உண்டு: கம்பிகளை ஒன்றுக்கொன்று ஸ்தாயி தள்ளிச் சுருதி சேர்த்துவிட்டால், மெட்டில் இல்லாத ஸ்தாயி கம்பி மாறும்போது கிடைத்துவிடும். கீபோர்டில் இது இத்தனை சுலபமில்லை. கூட்டு ஸ்வரமாக மீட்டி, மேலே யாரோ பாடுகிற அமைப்புக்கு ஆல்ஃபாவை மனசாரச் சிபாரிசு செய்வேன். நாங்கள் மூன்று பேரும் தனித்தனிக் கோடாக வாசிக்கிறவர்கள், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பவர்கள். எங்களுக்கு வந்து உட்கார ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தைத் தருவது போலென்-பியர்ஸ்.

1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹைன்ஸ் போலென் என்ற மைக்ரோவேவ் பொறியாளர் கண்டது இது. நெதர்லாந்தில் கீஸ் ஃபான் ப்ரோயன் 1978-லும், அமெரிக்காவில் ஜான் பியர்ஸ் 1984-லும் ஒருவரையொருவர் அறியாமல் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டிரான்சிஸ்டருக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் இந்த பியர்ஸ்தான். யோசனை இதுதான்: ஸ்தாயி என்பது இரண்டு மடங்கு. அதற்குப் பதில் மூன்று மடங்கை வட்டமாக வைத்துக்கொள். அந்த மூன்று மடங்கைப் பதிமூன்று சம பங்கு போடு. ஒரு பங்கு 146.3 சென்ட். மூன்று மடங்கு என்றால் நம் கணக்கில் என்ன? மத்ய ஷட்ஜத்திலிருந்து தாரஸ்தாயி பஞ்சமம். நமக்குத் தெரிந்த ஸ்வரம்தான், அதை இரண்டாவது ஷட்ஜமாக நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிட்டாரில் இது எத்தனை அழகாக உட்கார்ந்தது என்று சொல்லியே ஆக வேண்டும். சாதாரண கிட்டாரில் பத்தொன்பதாவது மெட்டு இருக்கிற இடத்தில், தலையிலிருந்து 433 மில்லிமீட்டரில், இதன் பதிமூன்றாவது மெட்டு. பத்தொன்பது போய்ப் பதிமூன்று, முதல் மெட்டே 52.7 மில்லிமீட்டர், கழுத்து காலியாக, அகலமாக இருக்கிறது. அப்புறம் கம்பி. வழக்கமான சுருதியில் ஆறாவது கம்பிக்கும் இரண்டாவது கம்பிக்கும் நடுவில் 1900 சென்ட், அதாவது கிட்டத்தட்ட அதே மூன்று மடங்கு. அந்த இரண்டையும் தொடாமல், ஐந்தாவதை 61 சென்டும் நாலாவதை 122 சென்டும் மூன்றாவதை 37 சென்டும் முதல் கம்பியை 59 சென்டும் இறக்கினால், திறந்த கம்பிகள் மூன்று, மூன்று, நான்கு, மூன்று, மூன்று என்று பங்குக் கணக்கில் வந்து நிற்கும். ஆறு, நாலு, மூன்று ஆகிய கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் 3:5:7, இந்த ஸ்கேலின் ஆதார ஸ்வரக்கூட்டு, ஒரு விரலும் வைக்காமல். அன்றைக்கு ராத்திரி இதைத் தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து போய்க் கம்பியை இறக்கி மீட்டியபோது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போது தம்புரா. இரண்டாவது மெட்டு 293, சாதாரண காந்தாரத்துக்குப் பக்கம். நாலாவது 585, பிரதி மத்யமம் என்று சொல்லலாம். ஆறாவது 878, தைவதம், நன்றாகவே சேர்கிறது. தம்புராவில் தானாக எழுகிற அந்தர காந்தாரம் ஐந்தாம் அனுஸ்வரம் (ஒரு நாதத்தோடு தானாகச் சேர்ந்து ஒலிக்கிற ஐந்து மடங்கு ஒலி), அதுவும் இந்த ஸ்கேலுக்குள் உண்டு, தார பஞ்சமத்துக்கு மேலே ஆறு பங்கு ஏறினால் ஆறேழு சென்ட் குறைவாக. ஆக தம்புராவின் மூன்றாவது, ஐந்தாவது அனுஸ்வரங்கள் இதற்குச் சொந்தக்காரர்கள். இரண்டாவது பகையாளி. ஐந்தாவது மெட்டு 732, முப்பது சென்ட் ஏறிப்போன பஞ்சமம், ச-ப தம்புராவுக்கு மேல் அதை இரண்டு நொடிகூட நிறுத்த முடியாது. எட்டாவது 1170, ஆல்ஃபாவில் பார்த்த அதே எண், ஷட்ஜத்துக்கு முப்பது சென்ட் கீழே. ஆகவே சுருதியை மாற்றிக்கொண்டோம். ஒரு மந்தர ஷட்ஜம், அதற்கு மூன்று மடங்கில் ஒரு பஞ்சமம், இரண்டையும் சிந்தசைசரில் சதுர அலையாக வைத்தோம். சதுர அலையில் ஒற்றைப்படை அனுஸ்வரங்கள் மட்டும்தான், இரண்டு நான்கு ஆறு கிடையாது. அதன் மேல் அந்த 732 கசப்பில்லாமல், புளிப்போடு நின்றது.

நாதத்தின் தன்மையும் ஸ்கேலும் ஒன்றையொன்று இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, ஸ்கேலை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. கிட்டார் கம்பியில் எல்லா அனுஸ்வரமும் உண்டு. ஆனால் கம்பியைச் சரியாக நடுவில் மீட்டினால் இரட்டைப்படை அனுஸ்வரங்கள் எழவே மாட்டா, ஏனென்றால் அவையெல்லாம் அசையாமல் நிற்கிற புள்ளி அந்த நடு. திறந்த கம்பிக்குப் பன்னிரண்டாவது மெட்டு இருந்த இடம் அது. மெட்டில் விரல் வைத்தால் நடுவும் நகரும், வலது கையும் கூடவே நகர வேண்டும். இரண்டு மாதம் பழகினேன். குழல் மாதிரி உருண்டு வருகிறது கிட்டார் நாதம்.

கிளாரினெட்டுக்கு இதெல்லாம் பழகவே தேவையில்லை. ஒரு பக்கம் மூடிய நேர்க்குழல் அது, ஒற்றைப்படை அனுஸ்வரங்களே அதில் ஓங்கி ஒலிக்கும். மேல் சாவியைத் திறந்தால் புல்லாங்குழல் மாதிரி ஸ்தாயிக்குத் தாவாது, நேராகத் தார பஞ்சமத்துக்குத் தாவும். ஏ.கே.சி. நடராஜன் கச்சேரி மேடையில் நம் ராகங்களையெல்லாம் வாசித்துக் காட்டிய அதே வாத்தியம்தான், அந்த மூன்று மடங்குத் தாவலை ஒவ்வொரு கிளாரினெட்காரரும் முதல் வருஷத்திலேயே விரலில் ஏற்றிக்கொள்கிறார். அத்தை பையனிடம் சொன்னபோது சாவியைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இது எனக்கு ஏற்கெனவே தெரியுமே" என்றான். கனடாவில் ஸ்டீஃபன் ஃபாக்ஸ் இந்த ஸ்கேலுக்கென்றே துளை போட்ட கிளாரினெட் செய்கிறார். எங்களுக்கு அது இப்போதைக்கு எட்டாது, அவன் அரைத்துளை மூடியும் உதட்டைத் தளர்த்தியும் பதிமூன்றில் ஒன்பதைப் பிடித்துவிட்டான். ஒன்பது போதும், போலெனின் லாம்டா முறையும் பதிமூன்றில் ஒன்பதைத்தான் எடுக்கிறது, நாம் மேளகர்த்தா ராகத்துக்குப் பன்னிரண்டில் ஏழு எடுப்பது போல.

ஒரு ஞாயிறு, பாடம் முடிந்து அத்தை மேலே வந்தார். நான் ஷட்ஜத்திலிருந்து மூன்றாவது மெட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன், 439 சென்ட். "என்னடி இது, காந்தாரமும் இல்ல, மத்யமமும் இல்ல, நடுவுல நிக்குது" என்றார். கணக்கும் அதேதான், 386-க்கும் 498-க்கும் கிட்டத்தட்ட நடுவில் அது. நிறுத்தப் போனேன், வேண்டாம் வாசி என்று கையைக் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்த ஸ்வரத்தை ஹம் பண்ணிப் பார்த்தார். முதல் தடவை மத்யமத்துக்கு வழுக்கிப் போனது. நாலாவது தடவை பிடித்துவிட்டார். "இதுக்குக் கமகம் போடக்கூடாது போலிருக்கு, அசைச்சா ஒண்ணுல போய் விழுந்துடும். வெறுமனே நிக்கணும்." நான் ஏழு மாதம் கட்டி அவிழ்த்துக் கற்றதை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். நம் ஸ்வரங்கள் ஆடும்போது உயிரோடிருக்கின்றன, இவை அசையாமல் நிற்கும்போது. அதனால்தான் இதற்கு மெட்டு தேவைப்படுகிறது, ராகத்துக்குத் தேவைப்படாத அளவுக்கு.

ஆக எங்கள் மூவருக்கும் போலென்-பியர்ஸ். உங்கள் கூட்டத்தில் கிளாரினெட் இல்லை, பாடகர் ஒருவர் தம்புராவோடுதான் பாடுவார் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன், அவரை மூன்று மாதத்தில் களைத்துப்போகச் செய்துவிடும். அங்கே ஆல்ஃபா, அல்லது மெட்டில்லாத கழுத்து. எதுவானாலும் தங்கூஸில் ஒரு மாதமாவது வாசித்துவிட்டுக் கம்பி மெட்டுக்குப் போங்கள்.

வரும் சனிக்கிழமை கழுத்து பளேபேட்டைக்குப் போகிறது, இந்த முறை வேறொருவரிடம். அச்சடித்த தாளை ஒட்டியாகிவிட்டது, பன்னிரண்டு கோடு பேனாவில். எட்டாவது கோடு மட்டும் இன்னும் பென்சிலில் இருக்கிறது. அந்த 1170 ஷட்ஜத்துக்கு இத்தனை பக்கத்தில் நின்று ஏமாற்றுகிறது, எடுத்துவிடலாம் என்று நான் சொல்கிறேன், கிளாரினெட்டில் இறங்கி வரும்போது அதுதான் ருசி என்று அத்தை பையன் சொல்கிறான். வெள்ளிக்கிழமை ராத்திரி அல்சூரில் கூடுகிறோம், அத்தையும் மேலே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.